மீன் வேண்டுமாம், மீனவன் வேண்டாமாம்!

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், இன்னுமொரு கடலோர உணவு விடுதியைத் திறந்துவிட்டார்கள். பத்திரிகைகளில் பாதிப் பக்கத்துக்குப் படம். படத்துக்குக் கீழே புகழ்மாலை. அலையோசையாம், நிலவொளியாம், வாழையிலையில் சுட்ட மீனாம்! பட்டணம் இப்போதுதான் நாகரிகம் அடைந்துவிட்டது போல ஒரே கொண்டாட்டம்.

இந்தக் கடலும் இந்தக் காற்றும் இந்த மீனும் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருப்பதுதான் புதுமை. இதற்குத்தான் இத்தனை ஆரவாரம்!

காதால் கேட்டதை வைத்து எழுதுவது நம் வழக்கமல்ல. நம் ஆதரவாளர் ஒருவர், மகளுக்கு உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தில், குடும்பத்தோடு நம்மையும் அங்கே அழைத்துப் போனார். ஆக நாலு பேர். கடலைப் பார்த்த மேஜையில் உட்காரலாமா என்று கேட்டோம். உட்காரலாம், ஆனால் அந்த மேஜைக்கு இவ்வளவு ரூபாய்க்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை உண்டு என்றார்கள். அதாவது சோற்றுக்கு ஒரு விலை, காற்றுக்கு ஒரு வாடகை! வங்காள விரிகுடாவை இவர்களுக்கு எந்த சர்க்கார் எந்தத் தேதியில் பட்டா எழுதிக் கொடுத்தது?

உள்ளே போய்த் தள்ளி உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: மீன் ருசியாகத்தான் இருந்தது. வஞ்சிரத்தைப் பக்குவமாக வறுத்திருந்தார்கள். ஒரு துண்டு 650 ரூபாய். ஒரு கை அள்ளினால் தீர்ந்துபோகும் நெத்திலி வறுவல் 390 ரூபாய். இறால் எங்கே பிடித்தது, இந்தக் குப்பத்தில் இறங்கியதா என்று பரிமாறிய பையனிடம் கேட்டோம். "இல்லை சார், நெல்லூரிலிருந்து பெட்டியில் வருது" என்றான். நெல்லூரிலிருந்து வருவது பண்ணைக் குட்டையில் தீனி போட்டு வளர்க்கும் வன்னமேய் இறால். அதன் பூர்வீகம் பசிபிக் மகாசமுத்திரத்தின் அமெரிக்கக் கரை. நம் நாட்டில் அதை வளர்க்க அனுமதி வந்ததே 2009-ல்தான். கடலைப் பார்த்துக்கொண்டே குட்டையில் வளர்ந்ததைத் தின்றுவிட்டு, கடலுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். எப்படி வியாபாரம்!

இறால் பண்ணை என்றால் சும்மா போய்விட முடியாது. தஞ்சைக் கடலோரத்தில் நெல் விளைந்த பூமியையும் குடிதண்ணீரையும் இந்தப் பண்ணைகள் உப்பாக்கின. ஜகந்நாதன் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொல்லி 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. என்ன நடந்தது? 2005-ல் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பண்ணைகளுக்கு மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார்கள். முதலாளிகளுக்குச் சங்கடம் வந்தால் நாடாளுமன்றம் எவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறது பாருங்கள்.

பரிமாறிய பையன் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன். காலை பதினொரு மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு பதினொன்று வரை நிற்க வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிறார்கள். கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டல் தொழிலாளிக்கென்றே 1958-லேயே தனிச் சட்டம் வந்து, வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. அந்த விடுதியில் விருந்தாளிகளுக்கு மூங்கில் நாற்காலி, பிரம்பு ஊஞ்சல், மெத்தை வைத்த திண்ணை எல்லாம் இருந்தன. பரிமாறுகிறவனுக்கு ஒரு முக்காலிகூட இல்லை.

பில் வந்தது. நாலு பேர் சாப்பிட்டதற்கு 3,800 ரூபாயும் சில்லறையும். அதில் பத்து சதவீதம் "சேவைக் கட்டணம்". இது உனக்கு வருகிறதா தம்பி என்று அந்தப் பையனைக் கேட்டோம். அவன் வாயால் பதில் சொல்லவில்லை. கல்லாவில் நின்ற மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தான். அதுவே பதில்தான். இப்படித் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு விதி வெளியிட்டது. 2025 மார்ச்சில் டில்லி ஐகோர்ட்டு அது செல்லும் என்றது. நாம் எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அடித்துவிட்டு வேறு பில் தந்தார்கள். சட்டம் தெரிந்தவனிடம் சாது, தெரியாதவனிடம் வழிப்பறி. உழைத்தவன் பெயரைச் சொல்லி வசூல் செய்து, உழைக்காதவன் பையில் போட்டுக்கொள்கிறான். ஒரு பில்லில் அடங்கிவிட்டது சுரண்டலின் முழு லட்சணமும்.

வெளியே வந்து வேலியின் ஓரமாகவே நடந்து குப்பத்துக்குப் போனோம். ஒரு பெரியவர் வலை கோர்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை அவர் மகன் போன பைபர் படகில், எண்ணெய்ச் செலவும் படகுப் பங்கும் கழித்து, ஆளுக்குக் கிடைத்தது 400 ரூபாய். விடுதியின் ஒரு துண்டு வஞ்சிரத்துக்குக் காணாது. அதுவும் ஏலத்தில் நியாயமான போட்டி நடந்து கிடைத்த காசல்ல. எஞ்சின் வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும். அவர் சொன்னதே விலை. இது இந்தக் குப்பத்தில் மட்டும் நடக்கும் அநியாயமல்ல, கரை நெடுகிலும் உள்ள நோய். ஆனால் பெரியவர் குமுறியது காசைப் பற்றியல்ல.

"அய்யா, கரைக்குப் போற வழி இதான். எங்க பாட்டன் காலத்திலேர்ந்து இதிலேதான் மரத்தைத் தூக்கினு போவோம். இப்போ வேலி போட்டுட்டான். படகை அரை மைல் சுத்தி இழுத்தினு வர்றோம். கேட்டா, கார் நிக்க இடம் வேணுமாம்" என்றார்.

கட்டுமரம் போன வழியில் இன்று கார்கள் நிற்கின்றன! கடற்கரைப் புறம்போக்கு யாருக்குச் சொந்தம்? விடுதி மேலாளரிடம் நாம் கேட்டோம். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது என்றார். காகிதத்தைக் காட்டுங்கள் என்றோம். முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்றார்.

காகிதம் இருந்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். விதியையே இவர்களுக்குத் தக்கபடி வெட்டித் தைத்துவிட்டார்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-ல் வந்தபோது, ஊரகக் கடற்கரையில் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடமே கூடாது என்றது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை, ஜனநெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. தற்காலிகச் சுற்றுலாக் கொட்டகை என்று பெயர் வைத்துக்கொண்டால் உயரலைக் கோட்டுக்குப் பத்து மீட்டர் வரைகூட வரலாம்! தற்காலிகம் என்பது எத்தனை காலம் என்று அந்தக் கொட்டகைக்குப் போட்டிருக்கும் இரும்புத் தூணைத்தான் கேட்க வேண்டும்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அதே சென்னைக் கடற்கரையில், பட்டினப்பாக்கத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே லூப் சாலையோரம் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் உட்கார்ந்து மீன் விற்றார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஐகோர்ட்டு தானாகவே வழக்கெடுத்தது. 2023 ஏப்ரலில் மாநகராட்சி வந்து கடைகளை அப்புறப்படுத்தியது. வலை காயவைத்த எங்கள் மணலில் சாலை போட்டுவிட்டு எங்களையே இடைஞ்சல் என்பதா என்று மீனவர்கள் சாலையை மறித்தார்கள். அவர்கள் மறிக்காமல் இருந்திருந்தால் கதை வேறுவிதமாக முடிந்திருக்கும். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு அங்காடி திறந்தார்கள். நல்லதுதான், மேற்கூரையும் தண்ணீரும் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். கூடைக்காரி சாலையோரம் உட்கார்ந்தால் இடைஞ்சல். விடுதிக்காரன் கடலுக்குப் போகும் வழியையே அடைத்துக் கார் நிறுத்தினால் அபிவிருத்தி. இது என்ன நியாயம்? அவள் கூடையில் இருக்கும்போது நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிற அதே கனவான்கள், அதே மீனைப் பீங்கான் தட்டில் வைத்தால் மணம் என்கிறார்கள்.

"அழகுபடுத்துகிறோம்" என்ற சொல்லைக் கேட்டால் மெரினா மீனவருக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இதே சொல்லைச் சொல்லித்தான் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலைவிட்டு அகற்றக் கிளம்பினார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்த ரத்தத்தின் மேல்தான் மெரினாவில் இன்றும் மரம் ஏறிக் கடலுக்குப் போகும் உரிமை நிற்கிறது.

வேலைவாய்ப்பு என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். குப்பத்திலிருந்து அந்த விடுதியில் வேலைக்கு எடுத்தது இரண்டே பேரை: ஒருவர் பாத்திரம் கழுவ, ஒருவர் இரவுக் காவலுக்கு. வழி அடைபட்டதால் படகை விட்டு வேறு கரைக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். ஜார்க்கண்ட் பையனைக் குறை சொல்லவில்லை. ஊரில் பிழைக்க வழியில்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து தகரத்துக்குக் கீழே படுக்கிறவன் அவன். அவனும் வலை கோர்க்கும் பெரியவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். அது நடந்துவிடக் கூடாதே என்பதுதான் முதலாளியின் கவலை.

நமக்கு வயிற்றெரிச்சல் என்பார்கள். நல்ல மீன் சாப்பிடுவது பாவம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. நம் ஆதரவாளர் பெண்டு பிள்ளைகளோடு கடற்காற்றில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்கு அரைமாதச் சம்பளம் எதற்கு? மீனவப் பெண்களின் கூட்டுறவுக்குக் கடலோரத்தில் கொட்டகை போட இடமும் கடனும் கொடுத்துப் பாருங்கள். காலையில் இறங்கிய சங்கரா மத்தியானம் குழம்பாகிவிடும். நடுவில் நெல்லூர்ப் பெட்டி வராது. மீன்வளத் துறை அதிகாரிகளிடம் இதைச் சொன்னால் பரிசீலிப்போம் என்பார்கள். விடுதி முதலாளியின் மனு மட்டும் பரிசீலனையில் தூங்குவதில்லை.

கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் மீது 2023-ல் கருத்துக் கேட்டபோதே, குப்பங்களையும் படகு நிறுத்தும் இடங்களையும் வலை காயவைக்கும் மணலையும் சரியாகக் குறிக்கவில்லை என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். வரைபடத்தில் இல்லாத வழியை வேலி போட்டு அடைப்பது சுலபம். ஆகவே கலெக்டரைக் கேட்கிறோம்: அந்த விடுதிக்குக் கொடுத்த அனுமதியை, கொடுத்திருந்தால், பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவரில் ஒட்டுங்கள். சர்வேயரை அனுப்பிக் குப்பத்தாரின் முன்னிலையில் வழியை அளந்து கல் நடுங்கள். வேலியை எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே இது நடந்தாக வேண்டும். விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகாமல் நிற்கும் அந்த 61 நாளில்தான் மணலில் புதிய வேலிகள் முளைப்பது வழக்கம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலோர விடுதிக்குப் போக நேர்ந்தால் பில்லைப் படியுங்கள். சேவைக் கட்டணம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். அந்தக் காசைப் பரிமாறிய தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவிட்டு, எத்தனை மணி நேரமாக நிற்கிறாய் என்று கேட்டு, அந்தப் பதிலை விடுதி இருக்கும் ஊரின் பெயரோடு நமக்கு எழுதுங்கள்.