நான்கு இலக்கங்களும் நம் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும்

உயர்கல்விக்கெனச் செலவிடப்படும் பணம், வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக எமது நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் சுமக்கும் பெருஞ்சுமையாக மாறிவிட்டது. ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் இலட்சக்கணக்கான மாணவர்களில் 40,000 பேரைச் சற்று மேவிய தொகையினருக்கே அரச பல்கலைக்கழகங்களின் கதவுகள் திறக்கின்றன. எஞ்சியோரில் வசதி படைத்தவர்களும், கடன்பட்டேனும் பிள்ளையைப் படிப்பிக்கத் துணிந்தவர்களும் தனியார் நிறுவனங்களையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் நாடுகின்றனர். இவர்களது பணத்தில் கணிசமான பங்கு இன்று கடனட்டை வழியாகவும் வரவட்டை வழியாகவுமே செல்கின்றது. அவ்வாறு செலுத்தும்போது, பெற்றோர் கண்ணிற்படாத ஒரு சிறிய குறியீடு அவர்களது செலவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. இதனையிட்டு இன்று சில கருத்துக்களை முன்வைக்க விரும்புகின்றோம்.

அட்டை மூலம் பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வணிகர் வகைக் குறியீடு என்னும் நான்கு இலக்க எண் ஒன்று வழங்கப்படுகின்றது. அந்நிறுவனம் எத்தகைய தொழிலைச் செய்கின்றது என்பதனை அட்டை வலையமைப்புகளுக்கும் வங்கிகளுக்கும் அறிவிப்பதே அதன் பணியாகும். 2003ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 18245 என்னும் சர்வதேசத் தரநிலையாகவும் இக்குறியீட்டு முறை வெளியிடப்பட்டது. எந்த நிறுவனத்திற்கு எந்த எண் என்பதைத் தீர்மானிப்பவர் மாணவரோ பெற்றோரோ அல்லர். அந்நிறுவனத்திற்கு அட்டை வசதியை ஏற்படுத்திக் கொடுக்கும் வங்கியே, வலையமைப்பின் விதிகளுக்கமைய அதனைத் தீர்மானிக்கின்றது.

இக்குறியீட்டின் வலிமையை விளங்கிக்கொள்வதற்கு ஓர் உதாரணம் போதுமானது. இஸ்லாமிய வங்கி முறைமையின் கீழ் வழங்கப்படும் அட்டைகள் மதுபானக் கடையிலோ சூதாட்ட நிலையத்திலோ செல்லுபடியாகாதவாறு அமைக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் என்ன வாங்குகின்றார் என்று அங்கு எவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மதுபானக் கடைகளுக்குரிய 5921, சூதாட்டத்திற்குரிய 7995 ஆகிய குறியீடுகள் வந்தவுடனேயே கணினி அக்கொடுப்பனவை மறுத்துவிடுகின்றது. ஓர் எண் ஒரு கொடுப்பனவை முற்றாகத் தடுக்குமாயின், அதே எண் கட்டணத்தையும் சலுகையையும் தீர்மானிப்பதில் வியப்பில்லை.

உயர்கல்வித் துறைக்குரிய பிரதான குறியீடு 8220 ஆகும். பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், தொழில்வாண்மைக் கல்லூரிகள் ஆகியன இதனுள் அடங்குகின்றன. ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளுக்கு 8211, அஞ்சல்வழிக் கல்விக்கு 8241, வணிக மற்றும் செயலாளர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு 8244, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு 8249, இவை எவற்றினுள்ளும் அடங்காத ஏனைய கல்விச் சேவைகளுக்கு 8299 என வகுக்கப்பட்டுள்ளது. ஏட்டில் இப்பிரிவுகள் தெளிவானவையே. நடைமுறையில் எல்லைகள் மங்கலானவை. கொழும்பில் இயங்கிக்கொண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டத்திற்கு மாணவரைத் தயார்படுத்தும் நிறுவனத்தைப் பல்கலைக்கழகம் என்பதா, தொழிற்பயிற்சி நிலையம் என்பதா, ஏனைய கல்விச் சேவை என்பதா? ஒரே பட்டத்திற்குப் படிக்கும் இரு மாணவர்களின் கொடுப்பனவுகள் இரு வேறு குறியீடுகளின் கீழ் பதிவாவதற்கு இடமுண்டு.

மேலும், ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே குறியீடுதான் என்று கருதுவதும் தவறாகும். அதன் புத்தகசாலை 5942 ஆகவும், சிற்றுண்டிச்சாலை 5812 அல்லது 5814 ஆகவும், வாகனத் தரிப்பிடம் 7523 ஆகவும், மருத்துவமனை இருப்பின் அது 8062 ஆகவும் பதிவாகலாம். பணம் செலுத்தும் கருமபீடத்தின் தன்மையையே குறியீடு கூறுகின்றது. மாணவர் எதற்காகச் செலுத்தினார் என்பதை அது கூறுவதில்லை. அதேபோன்று, பல்கலைக்கழகம் தன் கட்டணத்தைத் தானே பெறாமல் இடைத்தரகு நிறுவனமொன்றின் மூலம் பெறுமாயின், அந்த இடைத்தரகரின் குறியீடே கணக்குக் கூற்றில் இடம்பெறவும் கூடும்.

இதன் விளைவுகளை அமெரிக்காவில் தெளிவாகக் காணமுடிகின்றது. அங்கு சாதாரண கடையொன்று கடனட்டைக்கு மேலதிகக் கட்டணம் அறவிட வலையமைப்புகள் நிபந்தனைகளுடன் அனுமதித்தாலும், வரவட்டைக்கு அவ்வாறு அறவிட இடமளிப்பதில்லை. ஆயின் அரச அலுவலகங்களுக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்குமென வீசா வலையமைப்பு தனியானதொரு திட்டத்தை வைத்திருக்கின்றது. 8220, 8244, 8249 முதலிய குறியீடுகளைக் கொண்ட நிறுவனங்கள் இத்திட்டத்தில் பதிவுசெய்துகொண்டு, வரவட்டை உட்பட அட்டைக் கொடுப்பனவுகளுக்குச் சேவைக் கட்டணம் அறவிடலாம். அக்கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்பதும், விரும்பாதவர் விலகிக்கொள்ள வாய்ப்பளித்தல் வேண்டும் என்பதும் நிபந்தனைகளாகும். ஆக, துணிக்கடையில் சேவைக் கட்டணமின்றிப் பாவிக்கும் அதே வரவட்டைக்கு, கல்லூரியில் கட்டணம் செலுத்த நேர்கின்றது. 10,000 டொலர் கல்விக் கட்டணத்திற்கு 3 சதவீதம் அறவிடப்படுமாயின் அது 300 டொலராகும். டொலரொன்று 300 ரூபா எனக் கொள்ளின் 90,000 ரூபா. எமது மாணவர்கள் நாடும் நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று என்பதால் இது தூரத்துச் செய்தியன்று.

அயல்நாடான இந்தியாவின் அனுபவமும் எமது கவனத்திற்குரியது. 2024ஆம் ஆண்டில் எச்.டி.எப்.சி. உள்ளிட்ட தனியார் வங்கிகள் சில, மூன்றாந்தரப்புச் செயலிகள் வழியாகக் கடனட்டை மூலம் செலுத்தப்படும் கல்விக் கட்டணங்களுக்கு 1 சதவீதம் அறவிடத் தொடங்கின. கல்லூரியின் இணையத்தளத்திலோ அதன் அட்டை இயந்திரத்திலோ நேரடியாகச் செலுத்தினால் அக்கட்டணம் இல்லை. கல்வியென்ற பெயரில் கடனட்டையைப் பணமாக்கும் வழியொன்று திறந்திருந்ததே இதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. வங்கியின் அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் உண்மையான மாணவனும் ஏமாற்றுபவனும் ஒரே பாதையில் வந்தபோது, இருவருக்கும் ஒரே தண்டமே விதிக்கப்பட்டது.

பிரித்தானியா வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தது. 2018 ஜனவரி 13 முதல் அந்நாட்டு நுகர்வோர் அட்டைகளுக்கு மேலதிகக் கட்டணம் அறவிடுவது சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. அங்கு பல்கலைக்கழகத்திற்கும் பலசரக்குக் கடைக்கும் அவ்விடயத்தில் வேறுபாடில்லை. எனினும் எமது வங்கிகள் வழங்கிய அட்டையுடன் செல்லும் மாணவர் அத்தடையின் முழுப் பாதுகாப்பையும் எதிர்பார்க்க முடியாது. நாணய மாற்றுக்கென எமது வங்கி சேர்க்கும் தொகையும் தனியாகவே இருக்கின்றது.

எமது நாட்டின் நிலைமை யாது? வணிகர்கள் அட்டைக் கொடுப்பனவுக்கென வாடிக்கையாளரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடலாகாது என மத்திய வங்கி பலமுறை அறிவுறுத்தியுள்ளது. வங்கிக்குத் தாம் செலுத்தும் தரகை வாடிக்கையாளரின் தலையில் சுமத்துவது வங்கியுடனான உடன்படிக்கைக்கு முரணானது. கல்வி நிறுவனமும் அட்டை ஏற்கும் வணிகரே என்பதால் இவ்விதி அதற்கும் பொருந்தும். ஆயின் பிள்ளையின் அனுமதி கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தோடு கருமபீடத்தின் முன் நிற்கும் தந்தையோ தாயோ இதனைச் சுட்டிக்காட்டி வாதிடுவர் என எதிர்பார்ப்பது கடினம். கடையில் பொருளை வைத்துவிட்டு வெளியேறலாம். கல்லூரியில் அது முடிவதில்லை. உயர்கல்விக் கொடுப்பனவு ஏனைய கொடுப்பனவுகளிலிருந்து வேறுபடுவது இவ்விடத்திலேயேயாகும்.

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. டொலரின் பெறுமதி சில வாரங்களுள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டியபோது, வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் பட்ட அவலம் சொல்லுந்தரமன்று. அத்தகையதொரு நாட்டில், ஒரு சதவீதமும் இரு சதவீதமும் சிறு தொகைகள் அல்ல.

மற்றுமொரு மயக்கத்தையும் நீக்கவேண்டியுள்ளது. கணக்குக் கூற்றில் 'பல்கலைக்கழகம்' என்ற வகையின் கீழ் ஒரு நிறுவனம் காணப்படுவது, அது அங்கீகாரம் பெற்றது என்பதற்குச் சான்றாகாது. குறியீடு தொழிலின் வகையைக் கூறுமேயன்றித் தரத்தைக் கூறாது. இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றதாக, கராச்சியைத் தளமாகக் கொண்ட அக்சாக்ட் நிறுவனம் 2015இல் அம்பலப்படுத்தப்பட்டமை உலகறிந்தது. எமது நாட்டில் ஒரு நிறுவனம் பட்டம் வழங்கும் தகுதியுடையதா என்பதை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழான அங்கீகாரமே தீர்மானிக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரித்த பின்னரே பணத்தைச் செலுத்துதல் வேண்டும்.

எனவே மூன்று விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவதாக, அட்டை ஏற்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தனது வணிகர் வகைக் குறியீட்டையும், கட்டணத்தைத் தானே பெறுகின்றதா இடைத்தரகர் மூலம் பெறுகின்றதா என்பதையும் அனுமதிப் பத்திரங்களிலேயே அச்சிடல் வேண்டும். இரண்டாவதாக, கல்விக்கான தவணைக் கொடுப்பனவுச் சலுகைகளையும் புள்ளிச் சலுகைகளையும் விளம்பரம் செய்யும் வங்கிகள், அவை எந்தெந்தக் குறியீடுகளுக்குப் பொருந்தும் என்பதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் தெளிவாக அறிவித்தல் வேண்டும். சலுகையை நம்பிச் செலுத்திய பின்னர் 'உங்கள் கல்லூரி அவ்வகையில் இல்லை' எனக் கைவிரிப்பது நேர்மையன்று. மூன்றாவதாக, மேலதிகக் கட்டணம் தொடர்பான தனது அறிவுறுத்தல்களில் மத்திய வங்கி கல்வி நிறுவனங்களைப் பெயர்குறித்தே சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெருந்தொகையை அட்டையிற் செலுத்துமுன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் குறியீட்டைக் கேளுங்கள். அட்டையை வழங்கிய வங்கியிடம் அக்குறியீட்டிற்கு என்ன கட்டணம், என்ன சலுகை என்பதை விசாரியுங்கள். மேலதிகமாக ஒரு தொகை சேர்க்கப்பட்டால் பற்றுச்சீட்டில் அதனைத் தனியே காட்டுமாறு கோருங்கள். வங்கிக்கு முறையிடும்போது அப்பற்றுச்சீட்டே உங்கள் சாட்சி.

கல்வியை வணிகமாக்கலாகாது எனப் பேசும் நாம், அட்டை இயந்திரத்தின் முன் கல்விக்கூடமும் ஒரு வணிகரே என்ற உண்மையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. வணிகர் என்ற வகையில் அது பெறும் வசதிகளுக்கு ஈடாக, வணிகருக்குரிய கடப்பாடுகளையும் அது ஏற்றல் வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்திற்காக நகையை அடகுவைத்த ஒரு தாய், தான் செலுத்தும் ஒவ்வொரு ரூபாவும் எதற்காகச் செல்கின்றது என்பதை அறியும் உரிமையுடையவள். அவ்வுரிமையை நான்கு இலக்கங்களுக்குள் மறைத்துவைக்க எவரும் அனுமதிக்கப்படலாகாது.