மூழ்கும்போது மட்டும் பங்காளியா?

2009 ஜூன் மாதம் திவால் நடவடிக்கையிலிருந்து அமெரிக்காவின் கிறைஸ்லர் மீண்டு வந்தபோது, அந்தக் கார் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் எந்த முதலாளியும் அல்ல, எந்த வங்கியும் அல்ல. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவுக்காக ஏற்படுத்தப்பட்ட ஓர் அறக்கட்டளை. பாதிக்கும் அதிகமான பங்கு அதன் பெயரில் இருந்தது. தொழிலாளர்களே கார் கம்பெனிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டதாகப் பேச்சு எழுந்தது. உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கணக்கு எழுதியே வயதான எனக்கு, பங்கு விகிதத்தைவிட இயக்குநர் குழுவின் பட்டியல்தான் முக்கியமாகப் பட்டது. மொத்தம் ஒன்பது இடங்கள். அமெரிக்க அரசுக்கு நான்கு, ரொக்கமாக எதுவும் போடாமல் தொழில்நுட்பத்தைக் காட்டி 20 சதவீதம் பெற்ற ஃபியட்டுக்கு மூன்று, கனடாவுக்கு ஒன்று. அறக்கட்டளைக்கும் ஒன்றே ஒன்று.

அந்தப் பங்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவை ஒரு தனி அறக்கட்டளை ஏற்கும், அதற்கான நிதியைக் கார் நிறுவனங்கள் கட்டும் என்று 2007இல் வாகனத் தொழிலாளர் சங்கத்துடன் ஒப்பந்தம் ஆனது. கட்ட வேண்டிய காலத்தில் கிறைஸ்லரிடம் பணம் இல்லை. ரொக்கம் இல்லாத கடன்காரர் வீட்டுப் பண்டத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதுபோல, பாக்கியில் ஒரு பகுதிக்குப் பங்கைக் கொடுத்தார்கள். கூடவே 2015 வரை வேலைநிறுத்தம் இல்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஏறக்குறைய பாதிச் சம்பளம் என்ற ஏற்பாடும் தொடர்ந்தது.

2014 ஜனவரியில், அறக்கட்டளையிடம் மிஞ்சியிருந்த 41.5 சதவீதப் பங்கை ஃபியட் வாங்க ஒப்பந்தம் ஆனது. பங்குக்கு 365 கோடி டாலர், தனியாக 70 கோடி டாலர் என மொத்தம் 435 கோடி டாலர் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. முதியவர்களின் மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் பணம் தேடுவதுதான் அதன் வேலை. அதைச் செய்தது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பட்டறையில் நின்று கார் பூட்டிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு, எந்த மாடலைச் செய்வது, எந்த ஆலையை மூடுவது என்பதில் அந்தப் பங்கு எந்த அதிகாரத்தையும் தரவில்லை. இதைத் தொழிலாளர் உடைமை என்று என்னால் எழுத முடியாது.

பிரிட்டனில் நடந்தது இதைவிட வேதனையானது. பி.எம்.டபிள்யூ. கைவிட்ட ரோவரை 2000ஆம் ஆண்டு நான்கு பேர் பெயருக்கு 10 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். வேலை பிழைத்தது என்று தொழிலாளர்கள் வரவேற்றார்கள். 2005 ஏப்ரலில் நிறுவனம் நொடித்து, 6,000க்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நால்வரும் தலைமை நிர்வாகியும் ஏறத்தாழ 4.2 கோடி பவுண்டு எடுத்துக்கொண்டதாக அரசு நியமித்த விசாரணை பின்னர் கண்டறிந்தது. கணக்கைத் திறந்து பார்க்கும் உரிமையோடு தொழிலாளர் ஒருவர் இயக்குநர் குழுவின் அறையில் இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் போயிருக்குமா?

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலை மூடப்பட்டபோது செட்டில்மென்ட் கணக்குப் போட்டது நான்தான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பிறகு சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். ஒவ்வொருவருடைய ஆயுளும் ஒரு வரியில் முடிந்துவிடும். பிரஸ் ஷாப்பில் இருந்த ஓர் ஆபரேட்டர் தன் தாளை வாங்கிக்கொண்டு சொன்னார்: “சார், ஸ்டோர்ஸ்ல பெட்டி தேங்கினப்பவே எங்களுக்குத் தெரியும். இந்த மெஷின்ல டிராக்டர் பார்ட்டும் அடிக்கலாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அவர் யார்கிட்ட சொல்வார்?” அவர் சொன்னது சரியான யோசனை. ஆர்டர் இருந்தது, இயந்திரமும் இருந்தது. அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வழிதான் இல்லை.

ஜெர்மனியில் வழி இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. புதிய ஆலை தொடங்கவும் உற்பத்தியை வேறிடம் மாற்றவும் அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று தனிச் சட்டமே சொல்கிறது. 2024இல் ஜெர்மன் ஆலைகளை மூடும் பேச்சை நிர்வாகம் எடுத்தது. டிசம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டபோது உடனடி மூடல் தவிர்க்கப்பட்டது. விலை கொடுக்காமல் அல்ல. 2030க்குள் 35,000க்கும் அதிகமான பணியிடங்கள் குறையும், டிரெஸ்டனில் கார் உற்பத்தி நிற்கும் என்பது உடன்பாடு. ஆனாலும் அது இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

இத்தாலியில், ஃபுளோரன்ஸ் அருகே கார்களுக்கான ஷாஃப்ட் செய்த ஜி.கே.என். ஆலையின் 422 தொழிலாளர்களுக்கு 2021 ஜூலை 9 அன்று மின்னஞ்சலில் பணிநீக்கம் வந்தது. அவர்கள் ஆலையை விட்டு நகரவில்லை. நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்தது. பிறகு கூட்டுறவு அமைத்து, சரக்கு சைக்கிளும் சூரியத் தகடும் செய்யத் திட்டமிட்டு, பொதுமக்களிடம் பங்கு திரட்டினார்கள். வேலையிழப்பு உதவித்தொகையை முதலாக்கித் தொழிலாளர்களே ஆலையை வாங்க அந்நாட்டில் 1985 முதல் சட்டம் உண்டு.

நம் அரசியல் சாசனத்தில், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைச் சொல்லும் 43அ பிரிவு 1976இலேயே சேர்க்கப்பட்டது. மும்பையில் நலிந்து கிடந்த கமானி டியூப்ஸ் ஆலையை அதன் தொழிலாளர்கள் ஏற்று நடத்த 1988இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தொடக்கத்தில் லாபம் கண்ட அந்த ஆலை பின்னர் மீண்டும் நலிந்தது. அதன்பின் நாம் நடந்தது எதிர்த்திசையில். மூடலுக்கு அரசின் முன் அனுமதி கேட்க வேண்டிய தொழிலாளர் எண்ணிக்கை வரம்பை 2020 தொழிலுறவுச் சட்டம் 100லிருந்து 300ஆக உயர்த்தியது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4,000 பேர். அதன் மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்களால் அதன்பின் பேச முடிந்தது இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டுமே.

தொழிலாளி தன் பி.எஃப். பணத்தைப் போட்டு நலிந்த கம்பெனியின் பங்கை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். கம்பெனி விழுந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும். நான் கேட்பது வேறு. நிறுவனம் லாபத்தில் ஓடும்போதே இயக்குநர் குழுவில் தொழிலாளர் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இடம் வேண்டும். மூடுவது என்று ஆனால், வேறு யாருக்கும் விற்பதற்கு முன் தொழிலாளர் கூட்டுறவுக்கு வாங்கும் வாய்ப்பும், அரசு வங்கிக் கடனும், ஆறு மாத அவகாசமும் சட்டப்படி கிடைக்க வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்குகளும் இயந்திரங்களின் மதிப்பும் முதல் நாளே அவர்கள் கைக்கு வர வேண்டும். அந்தக் கணக்கைப் படித்துச் சொல்ல அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் என்னைப் போல ஓய்வுபெற்ற கணக்கர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம்.