கூழும் வேண்டும், மீசையும் வேண்டும்!

‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்று ஏழையை ஏளனம் செய்யும் பழமொழி நம்மிடையே உண்டு. கூழைக் குடித்தால் மீசையில் ஒட்டுமாம். மீசையைக் காத்தால் வயிறு காயுமாம். எனவே ஒன்றை விட்டுவிடு என்பது அறிவுரை! விடமாட்டோம், இரண்டும் வேண்டும் என்று எழுந்து நின்றனர் ஒரு நகரத்துத் தொழிலாளர்கள். எங்கே? பாரிசில். எப்போது? 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில்.

1789-இல் புரட்சி முரசு கொட்டிய நாடு பிரான்சு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களைக் கட்டடங்களின் நெற்றியில் பொறித்த நாடு. ஆயினும் என்ன கண்டோம்? சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்திருக்கும் செல்வர் மீசையை முறுக்கலாம். வீதியில் செல்லும் படைவீரன் முறுக்கலாம். தட்டேந்தி நிற்கும் பணியாளன் மட்டும் மழித்தாக வேண்டும்! உண்பவன் யார், ஊழியன் யார் என்பது முகத்திலேயே தெரிய வேண்டுமாம்!

தட்டுகளைக் கீழே வைத்தனர் பணியாளர்கள். ஊதிய உயர்வு கேட்டனர். ஓய்வு நாள் கேட்டனர். அவற்றோடு மீசையும் கேட்டனர். “மயிருக்காகவா வேலைநிறுத்தம்?” என்று நகைத்தோர் உண்டு. மயிர்தானே என்றால், முதலாளிகள் அதை விட்டுக்கொடுக்க ஏன் தயங்கினர்? முடிவில் இணங்கினர். பரிமாறியவர் முகத்திலும் மீசை அரும்பிற்று!

கடலுக்கு அப்பால் பிரிட்டனில் கதை நேர்மாறு. அங்கே படைவீரன் மேலுதட்டை மழிப்பது குற்றம்! கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில், ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு 1854-இலேயே மீசை கட்டாயமாக்கப்பட்டது. பிரிட்டிஷ் இராணுவத்தில் அந்தக் கட்டாயம் நீங்கியது 1916 அக்டோபரில். ஆணையில் கையெழுத்திட்டவர் தளபதி நெவில் மக்ரெடி. பாரிசில் ‘வைக்காதே’, இலண்டனில் ‘எடுக்காதே’. கட்டளைகள் இரண்டு; ஆனால் இரு இடத்திலும் அடுத்தவன் முகத்தைத் தன் உடைமையாகக் கருதியவன் மேலிடத்திலிருந்தவனே!

வீரம் மீசையில் விளைகிறது என்பாரும் உளர். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன் வடித்த எகிப்து இளவரசன் ராகொத்தேப்பின் சிலையில் மெல்லிய மீசை இருக்கிறது. அதனால் அவன் மாவீரன் ஆகிவிடுவானா? பல்துலக்கும் தூரிகை போன்ற குறுமீசையை 1914-இல் ஒட்டிக்கொண்டு உலகைச் சிரிக்க வைத்தார் சார்லி சாப்ளின். அதே குறுமீசையோடு உலகை அழ வைத்தான் இட்லர். மீசை ஒன்றுதான், மனிதர்கள்தாம் வேறு. குணம் மீசையில் இல்லை. பின் ஏன் சிலருக்கு மட்டும் தடை? தடுப்பவனின் ஆதிக்கம் அதில் இருக்கிறது!

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள், தோழர்களே! குசராத்தில் காந்திநகருக்கு அருகே லிம்போதரா என்னும் சிற்றூர். மீசை வைத்ததற்காகத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர்கள் தாக்கப்பட்டனர் என்று 2017-இல் புகார் எழுந்தது. தீண்டாமை ஒழிந்தது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் முழங்குகிறது. மீசையைக்கூடப் பொறுக்காத நெஞ்சங்களில் அது ஒழிந்ததா?

அந்த இளைஞர்கள் அழுது கொண்டிருக்கவில்லை. அவர்களுக்குத் துணையாக எண்ணற்றோர் தங்கள் வாட்ஸ்அப் படத்தை மாற்றினர். முறுக்கு மீசை, அதன்கீழ் மகுடம், ‘மிஸ்டர் தலித்’ என்ற எழுத்து! பாரிசுப் பணியாளன் தட்டைக் கீழே வைத்துச் சொன்னதை இவர்கள் படம் வைத்துச் சொன்னார்கள்.

மீசை வைப்பதோ மழிப்பதோ அவரவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு இன்னொருவன் அனுமதி தேவை என்றால், அதற்குப் பெயர் அடிமைத்தனம். வயிற்றுக்குக் கூழ் கேட்கும் மனிதனுக்கு மானமும் உண்டு. அந்தப் பழமொழியைச் சொல்லி எவரேனும் நகைத்தால், பாரிசைச் சொல்லுங்கள். கூழும் வேண்டும், மீசையும் வேண்டும் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்!