பறவை குறைவா? பார்ப்பவர் குறைவா?

வைகாசி வெயிலில் கோடியக்கரைச் சேற்றிலே வளைமூக்கு உள்ளான் மேய்ந்தால், "அதிசயம்! அபூர்வம்!" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். என்ன அதிசயத்தைக் கண்டுவிட்டார்கள்? சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் பறவை அது. பருவம் எய்தாத இளம் பறவைக்கு அங்கே என்ன வேலை? அத்தனை ஆயிரம் மைல் பறப்பானேன் என்று, அவற்றில் பல, இரை கிடைக்கும் கரையிலேயே தங்கிவிடுகின்றன.

அபூர்வம் என்கிறார்களே, பறவை குறைவா, பார்ப்பவர் குறைவா என்று நாம் கேட்கிறோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பது ஜனவரியில். தொலைநோக்கியோடு வரும் பெரியவர்கள் கோடையில் நிழல் தேடிப் போய்விடுகிறார்கள். குற்றமில்லை, வெயில் அப்படி! அப்போது பாத்தியில் நிற்பவர் வேதாரண்யம் உப்பளத் தொழிலாளி. உப்பு விளைவதே அந்த வெயிலில்தானே!

1967-இல் சரணாலயம் என்றார்கள். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லதே. ஆனால் கோடையில் பறவையே இல்லை என்று கணக்கு சொன்னால், சேறு வெறும் பொட்டல்தானே என்று ஒருவன் வருவான், வேலியும் போடுவான். ஆகவே ஜனவரிக் கணக்கோடு வைகாசி, ஆனிக் கணக்கும் வேண்டும். எடுக்கும் குழுவில் உப்பளத் தோழர் இருக்க வேண்டும், அன்றைய கூலியோடு!