பெட்டியில் வராத இலக்கியம்

மறைமலை நகரில் எங்கள் தெருவில் வசிக்கும் இளம் தம்பதியர், தங்கள் ஒன்பது வயது மகளுக்கு ஓராண்டாக வீட்டிலேயே கல்வி கற்பித்து வருகின்றனர். கணக்கும் அறிவியலும் அவர்களுக்குக் கடினமாக இல்லை. இலக்கியத்தில்தான் தடுமாற்றம். நான் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், "எந்தப் பாடத்திட்டத்தை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். அவர் காட்டிய மூன்றும் வெளிநாட்டில் ஆயத்தமாகத் தொகுத்து விற்கப்படும் இலக்கியப் பாடத்திட்டங்கள்.

அவை தரமற்றவை என்று சொல்ல மாட்டேன். எந்த நாளில் எத்தனை பக்கம் படிப்பது, எதைப் பற்றிப் பேசுவது, எதை எழுதுவது என்று 36 வாரங்களுக்கும் வகுத்துத் தந்திருக்கின்றனர். இத்தகைய பாடத்திட்டங்கள் பலவற்றின் பின்னணியில் இருப்பவர் இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923). சுருக்கங்களையும் துண்டுப் பகுதிகளையும் விடுத்துக் குழந்தை முழு நூலையே படிக்க வேண்டும், படித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு காப்பியத்தின் இருபது வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்று, அந்தக் காப்பியத்தை வாழ்நாளில் திறந்தே பாராத மாணவர்களைப் பல்லாண்டுகள் பார்த்த எனக்கு, அந்தக் கொள்கையின் அருமை தெரியும்.

ஆனால், மூன்று பட்டியல்களிலும் ஒரு தமிழ் நூல்கூட இல்லை, மொழிபெயர்ப்பாகவும் இல்லை. தொகுத்தவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் தங்கள் நாட்டுக் குழந்தைகளுக்காகத் தொகுத்தார்கள். அந்தப் பட்டியலையே இலக்கியம் முழுவதும் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. வீட்டில் கற்கும் குழந்தையை அது எட்டுவதில்லை. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கான 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் வீட்டுக்கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. எனவே, இந்தக் குழந்தைகள் எதைப் படிக்கிறார்கள் என்பது முழுக்க முழுக்கப் பெற்றோர் வாங்கும் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. அதில் தமிழ் இல்லையென்றால், தமிழ்நாட்டில் வளர்ந்தும் தமிழில் ஒரு கதை நூலைப் படித்து முடிக்காத தலைமுறை ஒன்று உருவாகும். அதைக் கேட்பாரும் இருக்க மாட்டார்கள்.

பட்டியல் என்பது எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லும்போதே, எதைப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே.சாமிநாதையர், 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாக அடுக்கினார். முதலியாரோ, அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவை அன்றைய கல்வி முறையின் பட்டியலுக்கு வெளியே கிடந்தன. அந்தக் கேள்வி உறுத்தியதால்தான் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தமிழுக்குள்ளேயே வகுத்த பட்டியல் இவ்வளவு பெரிய செல்வத்தை மறைத்தது என்றால், கடல் கடந்து வரும் பட்டியல் எவ்வளவை மறைக்கும்?

எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகளின் வாழ்வு இன்னொன்றை உணர்த்துகிறது. 1876-இல் பிறந்து, வேதாசலம் என்ற பெயருடன் நாகப்பட்டினத்தில் வளர்ந்த அவர், தந்தையின் மறைவால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். அங்கே புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் கற்றார். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியரானார். பள்ளிக்கு வெளியே கல்வி இல்லை என்று சொல்வோருக்கு அவர் வாழ்வே மறுப்பு. அதே வேளையில், அவருக்கு வாய்த்தது நூல்கள் மட்டுமல்ல. அந்நூல்களைக் கற்றறிந்த ஒரு மனிதர் எதிரே அமர்ந்திருந்தார். அந்த மனிதரை எந்தப் பெட்டியிலும் வைத்து அனுப்ப முடியாது.

ஆகவே, அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான். முறையை வாங்குங்கள், பட்டியலை அப்படியே வாங்காதீர்கள். முழு நூலைப் படிப்பதும் திருப்பிச் சொல்வதும் எந்த மொழிக்கும் பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள்களைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் தொடங்கலாம். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டார் கதைகளில் வயதுக்கு ஏற்றவற்றை நீங்கள் தேர்ந்து வாசித்துக் காட்டலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தமிழ்நாடு அரசின் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழும் ஒரு பாடமாக உண்டு. எனவே இந்த உழைப்பு தேர்வுக்கும் வீணாகாது.

அவர் தயங்கினார். "எனக்கே தமிழில் வேகமாகப் படிக்க வராதே, ஐயா" என்றார். இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நாள்வாரியாக வகுத்த வழிகாட்டி கையில் கிடைக்கிறது. தமிழில் நூல்கள் இருக்கின்றன. எந்த வயதில் எது, எப்படி வாசிப்பது, எதைப் பற்றிப் பேசுவது என்று சொல்லும் துணை பெற்றோர் கைக்கு எளிதில் வருவதில்லை. தேடக் களைத்தவர்கள் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகமும் பள்ளிக் கல்வித்துறையும் இணைந்து, வயதுவாரியாக முழு நூல்களைக் கொண்ட வாசிப்புத் திட்டம் ஒன்றை ஒலிப்பதிவுடன் வெளியிட வேண்டும். வீட்டுக்கல்வி மேற்கொள்வோர் சிலரே. ஆனால் அத்தகைய திட்டம் அரசுப் பள்ளிக் குழந்தைக்கும், மாலையில் வாசித்துக் காட்ட விரும்பும் எந்தப் பெற்றோருக்கும் பயன்படும்.

எங்கள் ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'மறைமலை நகர் காமராஜர்' என்றிருக்கும். பள்ளிக்கு வெளியே கற்றுப் புலவரானவரின் பெயரும், ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டவரின் பெயரும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கல்வி எங்கே நிகழ்ந்தாலும், தாய்மொழியின் நூல்கள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது. வரும் சனிக்கிழமை முதல் அந்தச் சிறுமி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாசிக்க வருகிறாள். அவளுடைய தாயும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.