கடைக்கு இடம் தீர்மானிப்பது யார்?

வணிக மேலாண்மைப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் பாடம் ஒன்று உண்டு. சிறிய அளவில் சில்லறைக் கடை தொடங்க விரும்புபவர் அதற்கான இடத்தை எவ்வாறு தெரிவு செய்ய வேண்டும் என்பதே அந்தப் பாடம். ஆள் நடமாட்டம், வாடகை, வாகனம் நிறுத்த வசதி, அருகிலுள்ள போட்டிக் கடைகள், சுற்றுவட்டார மக்களின் வருமானம், சரக்கு வந்திறங்கும் வழி எனக் காரணிகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்த்தால் உகந்த இடம் புலப்பட்டுவிடுமாம்.

இந்தப் பாடம் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. கடைக்காரர் தம் இடத்தைச் சுதந்திரமாகத் தெரிவு செய்கிறார் என்பதே அது. தெரிவு சரியாக இருந்தால் அவர் தழைப்பார். தவறாக இருந்தால் கடையை மூடிவிட்டுப் போவார். மூடப்படும் ஒவ்வொரு கடைக்கும் பொறுப்பு கடைக்காரரின் அறியாமையே என்ற முடிவு இதிலிருந்து தானாகவே பிறக்கிறது. ஆளும் வர்க்கங்களுக்கு இதைவிட வசதியான முடிவு வேறொன்று இருக்க முடியாது. நிலவுடைமையாளர், நகராட்சி, காவல்துறை, நீதிமன்றம், மதவெறிக் கும்பல், நிதிமூலதனம் ஆகிய எதுவும் அந்தக் காரணிகளின் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இந்திய நகரங்களில் சிறு வணிகரின் இடத்தை உண்மையில் தீர்மானிப்பவை இவைதாம்.

இடத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரே சரக்கை விற்கும் கடைகள் ஏன் ஒரே தெருவில் நெருங்கி அமைகின்றன என்பதை முதலாளித்துவப் பொருளியலும் ஆராய்ந்துள்ளது. ஹெரால்டு ஹோட்டெலிங் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, போட்டியிடும் இரு விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து நடுவிடத்தில் சேர்வதற்கான காரணத்தைக் கணித வழியில் விளக்கியது. பழைய தில்லிக்குச் சென்றவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பர். மசாலாப் பொருளுக்குக் காரி பாவ்லி, பாடநூல்களுக்கு நய் சடக், காகிதத்துக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் சாவ்ரி பஜார், மின்சாதனங்களுக்குப் பாகீரத் பேலஸ். ஒரு கடையில் கிடைக்காத பொருள் பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையே வாங்குபவரை அங்கே வரவழைக்கிறது. கடைகள் கூடுவதால் மக்கள் கூடுகிறார்கள்; மக்கள் கூடுவதால் இடத்தின் மதிப்பு உயர்கிறது.

அந்த உயர்ந்த மதிப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் கட்டட மனைகளின் நிலவாடகையை ஆராயும் மார்க்ஸ், அமைவிடம் அங்கே தீர்மானகரமான பங்கு வகிப்பதைச் சுட்டிக்காட்டுகிறார். சமூகத்தின் வளர்ச்சியால் விளையும் ஆதாயத்தை நிலவுடைமையாளர் எந்த உழைப்புமின்றிக் கைப்பற்றுவதையும் விளக்குகிறார். கடைக்காரர் பத்தாண்டுகள் உழைத்து ஒரு முனையைச் சந்தையாக்குகிறார். பதினோராம் ஆண்டில் அந்தச் சந்தையின் பெயராலேயே அவருடைய வாடகை ஏற்றப்படுகிறது. தாம் உருவாக்கிய மதிப்பே அவரை வெளியேற்றும் கருவியாகிறது.

மும்பை தாராவி இதற்கு மிகப்பெரிய சான்று. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறியவர்கள் உழைப்பாளி மக்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்களும், தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களும், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களும் அதை வீடும் பட்டறையும் கடையும் கலந்த நகரமாக ஆக்கினார்கள். நகரின் ஓரமாக இருந்த அந்த இடம், நகரம் விரிந்தபோது ரயில் பாதைகளுக்கு நடுவே, பாந்த்ரா-குர்லா நிதி வளாகத்துக்கு அருகே, பொன் விளையும் மனையாக மாறிவிட்டது. 2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி குழுமம் மறுகட்டுமானப் பணியைப் பெற்றது. திட்டத்துக்கான நிறுவனத்தில் குழுமத்தின் பங்கு 80 சதவீதம்; மாநில அரசின் பங்கு 20 சதவீதம். அந்த இடத்தை இடமாக்கிய மளிகைக் கடைக்காரருக்கும் தோல் பட்டறைக்காரருக்கும் அதில் பங்கு ஏதுமில்லை. தாம் ‘தகுதியுள்ளவர்’ என்று ஆவணம் காட்டி நிரூபிக்கும் பொறுப்பு மட்டுமே அவர்களுக்கு உண்டு.

ஒரே ஆண்டு, ஒரே நகரம், இரு நியாயங்கள்

தில்லியில் 2006ஆம் ஆண்டு நடந்ததைப் பலர் மறந்திருக்கக்கூடும். குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் கடைகளை மூடி முத்திரையிடுமாறு அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மார்ச் இறுதியில் மாநகராட்சி முத்திரை வைக்கத் தொடங்கியது. பெருந்திட்டத்தை மீறித் தவறான இடத்தில் கடை வைத்தார்கள் என்பதே வணிகர்கள் மீதான குற்றச்சாட்டு.

சரியான இடம் எங்கே இருந்தது? 1962ஆம் ஆண்டின் முதல் பெருந்திட்டம் மாவட்ட வணிக மையங்களை வாக்களித்தது. அவற்றைக் கட்டும் பொறுப்பு தில்லி வளர்ச்சி ஆணையத்துடையது. நகரத்தின் மக்கள்தொகை பன்மடங்கு பெருகிய வேகத்துக்கு ஈடாக அந்த மையங்கள் எழவில்லை. மக்களுக்கு அரிசியும் பருப்பும் மருந்தும் வீட்டருகே தேவைப்பட்டன. வீட்டின் முன்னறை கடையாயிற்று. திட்டமிட்டவர்களின் தோல்வியைச் சிறு வணிகர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஈடுசெய்தார்கள். அதற்கான பரிசு முத்திரை. செப்டம்பரில் சீலம்பூரில் எதிர்ப்பு வெடித்தபோது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின.

அதே ஆண்டு அக்டோபரில் அதே உச்சநீதிமன்றத்தின் முன் வேறொரு வழக்கு முடிவுக்கு வந்தது. தில்லியின் பசுமை அரணான ஆரவல்லி முகட்டுப் பகுதியில், வசந்த் குஞ்சில், முறையான சுற்றுச்சூழல் அனுமதியின்றிப் பெரும் வணிக வளாகங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த இடத்தின் பொருத்தம் குறித்து நிபுணர் குழுவே ஐயம் எழுப்பியிருந்தது. எனினும் பெருந்தொகை செலவிடப்பட்டுவிட்டது, பணிகள் முன்னேறிவிட்டன என்ற அடிப்படையில் அவற்றுக்கு வழி திறக்கப்பட்டது. முன்னறையில் மளிகைக் கடை வைத்தவரும் தம் ஆயுட்கால முதலீட்டைச் செலவிட்டிருந்தார். அவருக்கு அந்த வாதம் பயன்படவில்லை. மீறலின் அளவு சிறிதாக இருந்தால் முத்திரை. பெரிதாக இருந்தால் முறைப்படுத்தல். 2007ஆம் ஆண்டின் புதிய பெருந்திட்டம் கலப்புப் பயன்பாட்டுக்கு ஓரளவு இடமளித்தது உண்மையே. வீதியில் நடந்த போராட்டமே அதைச் சாதித்தது. ஆயினும் 2017 இறுதியில் முத்திரை வைப்பு மீண்டும் தலைதூக்கியது.

சட்டம் இருக்கிறது, இடம் இல்லை

கூரையுள்ள கடைக்காரரின் நிலை இதுவென்றால் சாலையோர வியாபாரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் வணிகம் செய்வதும் அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் தொழில் உரிமைக்குள் அடங்கும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது என்று சோதன் சிங் வழக்கில் 1989ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நெடிய இயக்கத்தின் பயனாக 2014ஆம் ஆண்டில் சாலையோர வியாபாரிகள் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் சொல்வதைக் கட்சி உறுப்பினர்கள் துல்லியமாக அறிந்திருப்பது நல்லது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு, ஏற்கெனவே தொழில் செய்யும் அனைவருக்கும் இடமளிக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இடமாற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை. வாங்குபவரும் விற்பவரும் வழிவழியாகக் கூடும் இடங்களை ‘இயல்புச் சந்தை’ என்று சட்டம் ஏற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்புச் சந்தை பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கப்பட வேண்டும். அதை இடம் மாற்றக் கூடாது.

இவற்றுக்கு நேர்ந்த கதி என்ன? தில்லி தரியாகஞ்சின் நடைபாதையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஞாயிறுதோறும் பழைய புத்தகச் சந்தை நடந்துவந்தது. ஏழை மாணவர்களுக்கு அது நூலகமாகவும் இருந்தது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2019 ஜூலையில் உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் அது நிறுத்தப்பட்டது. பின்னர் மகிளா ஹாட் என்னும் மதிலுக்குட்பட்ட திடலுக்கு மாற்றப்பட்டது. நடந்துபோகிறவரின் கண்ணில் பட்டு, அவரைக் குனிந்து பார்க்க வைத்த புத்தகம், தேடிவருபவருக்கு மட்டுமே உரியதாயிற்று.

நடப்பவரின் உரிமை என்னாவது என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இந்திய நகரங்களின் நடைபாதைகளிலும் தெருவோரங்களிலும் நிறுத்தப்பட்டிருக்கும் கார்களின் நீள அகலத்தையும் ஒரு தள்ளுவண்டியின் நீள அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின் அவர்கள் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்கட்டும். ஒழுங்குமுறையைச் சட்டமே வகுத்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த மறுப்பவர்களே ஒழுங்கின் பெயரால் வண்டிகளைக் கவிழ்க்கிறார்கள்.

மதமும் ஒரு ‘காரணி’யாக்கப்படுகிறது

மோடி ஆட்சிக்காலத்தில் கடையின் இடத்தைத் தீர்மானிக்கும் காரணிகளோடு புதியதொன்று சேர்ந்துள்ளது. 2022 மார்ச்சில் கர்நாடகக் கடலோரக் கோவில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடத் தடுக்கப்பட்டனர். அன்றைய பாஜக அரசு 2002ஆம் ஆண்டின் அறநிலைய விதியொன்றைக் காட்டி அதற்கு நியாயம் கற்பித்தது. அடுத்த மாதம் தில்லி ஜஹாங்கீர்புரியில் மதக்கலவரம் மூண்ட நான்காம் நாள் புல்டோசர்கள் வந்தன. பெட்டிக்கடைகளும் வண்டிகளும் நொறுக்கப்பட்டன. உச்சநீதிமன்றம் தடை விதித்த பின்னரும் இடிப்பு தொடர்ந்தது. உத்தரவின் நகலைக் கையில் ஏந்தி பிருந்தா காரத் இயந்திரத்தின் முன் நின்ற காட்சியை நாடே கண்டது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் கான்வர் யாத்திரைப் பாதையின் உணவுக்கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்டன. உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்தாலும் அச்சம் அகல்வதில்லை. எந்தத் தெருவில் கடை வைத்தால் உயிரோடும் உடைமையோடும் இருக்கலாம் என்று ஒரு வணிகர் கணக்கிட வேண்டிய நாட்டில், சுதந்திரமான தெரிவைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து.

பத்து நிமிடத்தின் பொருளாதாரம்

2012 செப்டம்பரில் மன்மோகன் அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே கடை திறக்கலாம் என்ற நிபந்தனை அன்று பாதுகாப்பாகக் காட்டப்பட்டது. அப்போது எதிர்த்த பாஜக, ஆட்சிக்கு வந்த பின் அக்கொள்கையை ரத்துச் செய்யவில்லை. மின்வணிகத்தின் வாசலை மேலும் அகலமாகத் திறந்துவிட்டது. சந்தைத்தளமாக மட்டும் இயங்க வேண்டும், சரக்கைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்ற விதி தாளில் இருக்கிறது.

இன்று பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற விரைவு விநியோக நிறுவனங்கள் குடியிருப்புகளுக்கு நடுவே ‘டார்க் ஸ்டோர்’ எனப்படும் கிடங்குகளை அமைக்கின்றன. வாடிக்கையாளர் உள்ளே நுழையாத கடை அது. ஆகவே முதன்மைச் சாலையின் வாடகை அதற்குத் தேவையில்லை. பின்தெருவோ அடித்தளமோ போதும். எந்தத் தெருவில் யார் எந்நேரத்தில் எதை வாங்குகிறார் என்ற தரவு அதன் இடத்தைத் தெரிவு செய்கிறது. நிதிமூலதனம் அதன் நட்டத்தைத் தாங்குகிறது. மளிகைக் கடைக்காரரிடம் எஞ்சியிருந்த ஒரே வலிமை அண்மை. வீட்டிலிருந்து நூறடி தூரம், தெரிந்த முகம், மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொள்ளும் வசதி. அந்த அண்மையைத்தான் பத்து நிமிட வாக்குறுதி பறிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விநியோகத் தொழிலாளியின் எலும்பும் மூச்சும் அந்தப் பத்து நிமிடத்தின் விலை. கடைக்காரரும் விநியோகத் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்தப்படுகின்றனர். இருவரையும் பிழிவது ஒரே மூலதனம்.

இயக்கத்தின் முன்னுள்ள பணி

சிறு வணிகர் ஊசலாடும் குட்டி முதலாளித்துவப் பிரிவினர்; அவருக்காக உழைப்பாளி வர்க்கக் கட்சி ஏன் வியர்வை சிந்த வேண்டும் என்று இயக்கத்துக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு. ஊசலாட்டம் உண்மைதான். கடைப்பையனுக்கு உரிய கூலியும் வார விடுப்பும் தராத வணிகர்களும் இருக்கிறார்கள். மதவாதக் கட்சிக்கு நிதியும் வாக்கும் வழங்கியவர்களும் இருக்கிறார்கள். 1894ஆம் ஆண்டில் பிரான்சு, ஜெர்மனி விவசாயிகள் பிரச்சினை குறித்து எழுதிய எங்கெல்ஸ், சிறு உடைமையை முதலாளித்துவத்தின் கீழ் நிரந்தரமாகக் காப்போம் என்று பொய் வாக்குறுதி தரக் கூடாது என்றார். அதேவேளை சிறு உடைமையாளரின் அழிவை விரைவுபடுத்துவது கட்சியின் வேலையன்று என்பதையும் தெளிவுபடுத்தினார். அந்த நிலைப்பாடு கடைத்தெருவுக்கும் பொருந்தும். வீதியில் தள்ளப்படும் வணிகர் கோபம் கொள்கிறார். அந்தக் கோபத்துக்கு முகவரி காட்ட இடதுசாரிகள் அங்கே இல்லையெனில், பக்கத்துக் கடை முஸ்லிமே எதிரி என்று காட்ட வேறொருவர் தயாராக நிற்கிறார்.

எனவே பணிகள் தெளிவானவை. ஒவ்வொரு நகரத்திலும் சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பையும் நகர விற்பனைக் குழுத் தேர்தலையும் வலியுறுத்திக் கிளைகள் களமிறங்க வேண்டும். ஐம்பதாண்டு கடந்த சந்தைகளின் பழைய ரசீதுகள், புகைப்படங்கள், மூத்த வியாபாரிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டி வைக்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு திரட்ட அவகாசம் இராது. நகரப் பெருந்திட்ட வரைவுகள் வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கும் காலக்கெடுவைத் தவறவிடலாகாது. கடை வாடகைக்கு வரம்பு, விரைவு வணிகக் கிடங்குகளுக்கு உரிமமும் வரையறையும், விநியோகத் தொழிலாளருக்குத் தொழிலாளர் என்ற தகுதி, கடை ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலி ஆகியவை ஒரே கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டும். கடை ஊழியரின் கூலியை விட்டுக்கொடுத்து வணிகரின் நட்பைப் பெறுவது ஒற்றுமையாகாது.

நகரத்தைக் கட்டியவர்களுக்கு நகரத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தை ஏலத்தின் கையிலும் புல்டோசரின் கையிலும் விட்டுவிடாமல், திரண்ட மக்கள் தாமே தீர்மானிக்கும் நிலையை உருவாக்குவதே இயக்கத்தின் கடமை.