பாய்க்கு மேல் பாய் எதற்கு?



பட்டாணிச்சூரிலும் சாளம்பைக்குளத்திலும் நமது வீடுகளில் பாய்க்குப் பஞ்சமில்லை. படுக்கப் பன்பாய், வந்தவர் அமர பிளாஸ்டிக் பாய், தொழ முஸல்லா. இத்தனை இருக்க உடற்பயிற்சிக்கென்று இன்னொன்று எதற்கு என்று கணவன்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டின் மறைவிலேயே பிலாட்டீஸ் பயிற்சி செய்ய விரும்பும் சகோதரிக்கு வேறெந்தச் சாமானும் வேண்டாம். தகுந்த பாய் ஒன்று மட்டும் வேண்டும்.

இப்பயிற்சியை வகுத்த ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜேர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் நோயாளிப் பிள்ளை. முதலாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அவரைப் பகைநாட்டவர் என்று மேன் தீவு முகாமில் தடுத்து வைத்தனர். அங்கே தமது முறையை வளர்த்தார். (முகாமில் பாய் விரிக்கும் இடமே வீடாக இருப்பது எப்படியென்று வன்னி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) பின்னர் நியூயோர்க்கில் குடியேறி, 1945இல் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகளைத் தந்தார். அவற்றில் பெரும்பாலானவை மல்லாந்தோ, குப்புறப் படுத்தோ, இருந்துகொண்டோ செய்பவை. சிலவற்றில் முதுகெலும்பு கணுக் கணுவாகத் தரையில் படும்படி உருள வேண்டும். சீமெந்துத் தரையில் பன்பாயை விரித்து உருண்டால், நாரி நோவுக்காகத் தொடங்கிய பயிற்சியே நாரிக்கு வினையாகிவிடும். பிளாஸ்டிக் பாயோ வழுக்கும்.

கடைகளில் யோகா பாய் என்று விற்பவை பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பானவை. நின்று செய்யும் பயிற்சிக்கு அவை நல்லவை. கால் உறுதியாக நிற்கும். முதுகால் உருள்பவருக்கு 10 முதல் 15 மில்லிமீற்றர் வேண்டும். அதற்காகத் தடித்ததெல்லாம் நல்லதென்று எண்ணி விடாதீர்கள். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் தரையைத் தொட்டுவிட்டால் அது உதவாது. மெத்தைபோல் அமிழ்ந்தாலும் உதவாது; உடல் நிலைகொள்ளாமல் தள்ளாடும். தொலைபேசியில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கு முன் தடிப்பையும் நீளத்தையும் வாசியுங்கள். தலை முதல் குதி வரை அடங்கிச் சற்று மிஞ்ச வேண்டும்.

நைட்ரைல் றப்பர் பாய்கள் தடிப்பாகவும் மெதுவாகவும் இருக்கும். ஆனால் இழுபட்டுக் கிழியக் கூடியவை. இயற்கை றப்பர் தரையை நன்றாகப் பிடிக்கும். பாரமும் வாசனையும் உண்டு, றப்பர்ப் பால் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. பிள்ளைகள் விளையாடும் துண்டு துண்டான பொருத்துப் பாய்களை வாங்காதீர்கள், பொருத்து விலகி இடறும்.

இதிலேயே தொழலாமா என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. சுத்தமாக இருந்தால் தடையில்லை. ஆனால் நமது ஷாபிஈ சட்ட நூல்கள், ஸுஜூதில் நெற்றியின் பாரம் கீழே இறங்க வேண்டும், அங்கே பஞ்சு இருந்தால் அது அமுங்க வேண்டும் என்கின்றன. மெதுவான பாயில் நெற்றியை இலேசாகத் தொட்டுவிட்டு எழும்பக் கூடாது. முஸல்லாவைத் தனியே வைத்துக்கொள்வதே இலகு.

பாய் எவ்வளவு நல்லதானாலும் சிலருக்கு உருளும் பயிற்சிகள் ஆகா. எலும்புத் தேய்வு உள்ள மூத்த தாய்மார் முதுகை வளைத்து உருண்டால் முள்ளந்தண்டு முறியும் ஆபத்துண்டு. கர்ப்பிணிகள் நான்காம் மாதத்துக்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. இவர்கள் கடைக்குப் போகு முன் வைத்தியரிடம் போகட்டும்.

வாங்கிய பாயை வியர்வை போக ஈரத் துணியால் துடைத்து நிழலிலே உலர்த்துங்கள். பன்பாயை உதறி முற்றத்தில் காயப்போடும் பழக்கத்தில் இதையும் வெயிலில் போட்டுவிட வேண்டாம்; வவுனியா வெயிலில் றப்பர் வெடித்து உதிர்ந்து விடும். மடிக்காமல் சுருட்டி, அலுமாரிக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தால் போதும்.